நலம் விசாரிப்போர் ஒழுங்குக் குழு

கோலா சிலாங்கூருக்கு வடக்கே, பழைய தோட்ட லயங்களை இடித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில், ஒருவர் நோயில் படுத்தால் போய்ப் பார்ப்பது ஒவ்வொரு குடிமகனின் தலையாய கடமையாகும். பார்த்தாலே குணமாகிவிடும் என்பது அங்கே ஐயத்துக்கிடமில்லாத மருத்துவம்.

செம்பனை லோரி ஓட்டும் மத்தியாஸுக்கு நெஞ்சு வலி வந்தது. ரத்தக் குழாயில் அடைப்பு. வியாழக்கிழமை காலை கிள்ளான் மருத்துவமனையில் ஸ்டென்ட் வைக்க நாள் குறித்தார்கள். அவன் மனைவி ஜெனவீவ், கைக்குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எதனால டாக்டர் அடைச்சுக்குது? கொழுப்பா?"

"கொழுப்பு மட்டும் இல்லம்மா. குழாய்ச் சுவத்துல கொழுப்பு ஒதுங்குனா, துப்புரவு பண்ண வெள்ளை அணுக்கள் ஓடி வரும். நல்லதுக்குத்தான் வருது. தின்னு தின்னு உப்பி, நகர முடியாம அங்கேயே உட்கார்ந்துக்கும். ஆள் பத்தலைன்னு சேதி அனுப்பி இன்னும் கூப்பிடும். கடைசியில அதுங்களே அடைப்பாயிடும். அவரை அமைதியா படுக்க வைங்க. வியாழக்கிழமையைத் தவற விட்டா ஆபத்து."

வீட்டுக்கு வந்தால் வாசல் நிறைய செருப்பு. ஜெனவீவ் தேநீர் கலக்கினாள். குடித்தவர்கள், "பாவம், ஒத்தையா கஷ்டப்படுது" என்று ஒத்தாசைக்குத் தங்கள் சொந்தங்களைப் போன் போட்டு வரவழைத்தார்கள். இந்நிலையை ஆழ்ந்த கவலையுடன் பரிசீலித்த தாமான் தலைவர் நல்லசாமி, கூட்டத்தைக் குறைப்பதற்காக நலம் விசாரிப்போர் ஒழுங்குக் குழுவை அமைத்தார். பச்சைச் சட்டையுடன் உறுப்பினர்கள் வந்து அமர்ந்தார்கள். அவர்களுக்கு வெயில் படாமல், வாசல் சந்தான லோரோங்கின் குறுக்கே கூடாரம். கூடாரத்தில் சமைக்க உபகுழு. மத்தியாஸ் நன்றாகத் தூங்குகிறானா என்று ஆளாளுக்கு எழுப்பிக் கேட்டார்கள்.

வியாழன் விடிந்தது. கார் வெளியே போக வழியில்லை. பின்சீட்டில் மத்தியாஸ் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஜெனவீவ் தலையை வெளியே நீட்டினாள்.

"தலைவரே, கூடாரத்தைப் பிரிங்க!"

"கூட்டம் குறையட்டும்மா, பிரிச்சிடலாம்."

"கூட்டமே உங்க ஆளுங்கதானே!"

"அதான் எங்களை ஒழுங்குபடுத்த இன்னொரு குழு சுங்கை பெசார்ல இருந்து வந்துக்கிட்டே இருக்கு. பயப்படாத லா."

கான்வெண்டில் படித்த ஜெனவீவ், மனசுக்குள் சிலுவை போட்டுக்கொண்டு கத்தினாள்: "ஐயோ, பின் லோரோங்ல வீரன் அண்ணனுக்கும் நெஞ்சு வலியாம்!"

கடமை அழைத்தது. நாற்காலி, கூடாரம், கறிச்சட்டியோடு தாமானே அந்தப் பக்கம் பெயர்ந்தது. கார் பறந்தது.

ஸ்டென்ட் வைத்த டாக்டர் சொன்னார்: "பிழைச்சுக்கிட்டாரு. ஆனா ஒரு இடத்துலதான் வழி விட்டிருக்கு. இதே கூத்து வேற குழாய்லயும் நடக்கலாம். மாத்திரையை விடாதீங்க."

மத்தியாஸை வீட்டில் படுக்க வைத்த கையோடு எட்டிப் பார்த்தாள். பின் லோரோங் முழுக்கப் பச்சைச் சட்டை. கல்லு மாதிரி இருந்த வீரன், வருவோர் போவோருக்கெல்லாம் "எனக்கு ஒன்னுமில்லை" என்று சொல்லிச் சொல்லியே ரத்தக் கொதிப்பு ஏறி, இப்போது நிஜமாகவே படுத்திருந்தார்.

ஜெனவீவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு போனாள். நல்லசாமி நாற்காலி விரித்துப் போட்டார். உட்கார்ந்தாள். தேநீர் வந்தது. குடித்துவிட்டு அடுத்த வீட்டுத் திலகாவுக்குப் போன் போட்டாள்.

"என்னக்கா, இன்னும் பார்க்க வரலையா? பாவம், இங்க ஆளே பத்தலை."