சிம் கார்டு கேட்ட தெய்வம்

செல்போன் பழுதுபார்க்கும் கடையின் மாடியில் தெய்வம் இறங்கியிருக்கிறது என்று செய்தி பரவியதும் ஊரே படியேறத் தொடங்கியது. இறங்கிய தெய்வத்தைப் பார்க்க நாம் ஏன் ஏற வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற ஆட்களாக இருந்தால் அங்கே போயிருக்கவே மாட்டார்கள்.

தெய்வத்தை இறக்கியவர் பெயர் அலைவரிசை அடிகள். அவர் தீர்க்கும் பீடை ஒன்றே ஒன்று: இன்டர்நெட் கட்டண உயர்வு. இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் என்று கம்பெனி நம்மிடம் கையெழுத்து வாங்கும். சில மாதம் கழித்து, "அன்புள்ள வாடிக்கையாளரே, கட்டணம் உயர்கிறது" என்று போனில் செய்தி வரும். அன்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. நடுவில் விலகினால் நமக்கு அபராதம். நடுவில் விலையை ஏற்றினால் அவர்களுக்கு லாபம். கயிறு நம் கழுத்தில், நுனி அவர்கள் கையில். இதற்குப் பெயர் ஒப்பந்தமாம்!

நியாயமாகப் பார்த்தால் கோபம் கம்பெனி மேல் வந்திருக்க வேண்டும். எங்கள் ஜனங்களுக்குக் கிரகத்தின் மேல் வந்தது. "உங்க மோடம் தப்பான திசையைப் பாத்து முறைக்குது, அதான் விலை ஏறுது" என்றார் அடிகள். எல்லாரும் ஓடிப்போய் மோடத்தைத் திருப்பி வைத்தார்கள். விலை இறங்கவில்லை. அப்படியானால் பரிகாரம்தான் வழி.

பரிகாரம் சுலபம். பக்தர் தன் போனைக் கொடுத்துவிட்டு, பிறந்த தேதி, தாயார் பெயர், வீட்டு எண் மூன்றையும் சொல்ல வேண்டும். அடிகள் போனோடு திரைக்குப் பின்னால் போவார். உள்ளே தேவகானம் எழும். அவ்வப்போது மணி அடிப்பார். கானம் நின்றதும் தெய்வத்தோடு முணுமுணுவென்று பேசுவார். பிறகு வெளியே வந்து போனையும் ஆசியையும் தருவார். மறுநாள் கட்டணம் பழையபடி இறங்கியிருக்கும். ஆமாம், உண்மையாகவே இறங்கியிருக்கும். அதுதான் சங்கதி. காணிக்கை அவரவர் இஷ்டம் என்றாலும் உண்டியலைப் படிக்கட்டின் குறுக்கே வைத்திருந்தார். அடுத்த வருடம் கிரகம் திரும்பி வரும், பக்தரும் திரும்பி வர வேண்டும்.

என் அத்தான் இதில் விழுந்தது எனக்கு ஆச்சரியமில்லை. ராசிபலன் பார்க்காமல் பல் விளக்காத மனிதர். என் கவலையெல்லாம் அக்காவைப் பற்றித்தான். அவள் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறாள். லைன் போனால் பிழைப்பு போச்சு. ஏற்கெனவே இரண்டு தடவை ஏற்றிவிட்டார்கள். இன்னொன்று ஏறினால் வகுப்பை மூட வேண்டியதுதான். நல்லவேளையாக அந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. வேறு கம்பெனிக்கு மாறப்போகிறேன் என்றாள்.

"மாத்துறேன் கீத்துறேன்னு உள்ளதையும் கெடுத்துக்காதே. ஒரு தடவை அடிகளைப் பாத்துட்டு வந்துடலாம்" என்றார் அத்தான்.

"ஏங்க, விலையை ஏத்தினது கம்பெனி. அவரைப் போய் எதுக்குப் பாக்கணும்?"

"எல்லாத்துக்கும் கேள்வி கேட்டா எப்படிம்மா?"

துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். வரிசையில் நின்றோம். உள்ளிருந்து தேவகானம் கேட்டது. பக்கத்தில் நின்ற பெரியவர் உருகிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா அந்த ராகத்தைக் கானத்துக்கு ஒரு அடி முன்னாலேயே முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

"இப்ப மணி அடிப்பார் பாருடா" என்றாள்.

அடித்தார்.

"உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"போன வாரம் ஏன் விலை ஏத்தினீங்கன்னு கேக்கக் கம்பெனிக்குப் போன் போட்டேன்ல? முக்கால் மணி நேரம் இதே பாட்டு. இந்த இடத்துல ஒரு பொம்பளை குரல் வரும். அது வெளியே கேக்கக் கூடாதுன்னுதான் மணி."

சொல்லிக்கொண்டே சட்டென்று ஊக்கை எடுத்து, போனிலிருந்த சிம் கார்டைத் தள்ளி எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். எங்கள் முறை வந்தது. அடிகள் வழக்கம்போல் எல்லாம் கேட்டார், வழக்கம்போல் உள்ளே போனார்.

கானம் எழவில்லை. மணியும் அடிக்கவில்லை. கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் திரையை விலக்கிக்கொண்டு அடிகள் எரிச்சலோடு தலையை நீட்டினார்.

"ஏம்மா, இதுல சிம்மே இல்லையே!"

"தெய்வத்துக்கு எதுக்கு சாமி சிம்மு?"

அக்கா போனை வாங்கினாள், சிம்மைப் போட்டாள், எல்லார் எதிரிலும் கம்பெனிக்கு அடித்து ஸ்பீக்கரில் வைத்தாள். தேவகானம் எழுந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அப்போதும் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம், தயவுசெய்து காத்திருக்கவும்" என்று குரல் வந்தது. மணியடிக்க ஆளில்லை.

"அம்மாவே பேசுறா!" என்று சிலிர்த்தார் அந்தப் பெரியவர்.

கூட்டம் கால் மாற்றி நின்றது. ஒருவழியாகக் கம்பெனிக்காரப் பையன் எடுத்தான். விலை ஏறுவதால் விலகப்போகிறேன் என்றாள் அக்கா. பையன் பதறினான்.

"வேணாம் மேடம்! பழைய விலைக்கே தர்றோம். புதுசா ரெண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டுக்கிட்டா போதும்."

"அதுலயும் நடுவுல விலை ஏறுமா?"

"அது... வருஷா வருஷம் ஏறும் மேடம்."

வரிசையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. பரிகாரம் செய்துகொண்ட அத்தனை பேருக்கும் தங்கள் கழுத்துக் கயிற்றில் அடிகள் இன்னொரு முடிச்சுப் போட்டிருப்பது அப்போதுதான் உறைத்தது.

"போனை வைம்மா! சாபம் பிடிக்கும்!" என்று பாய்ந்தார் அடிகள்.

போனில் பையனின் குரல் மலர்ந்தது. "அட, ஏஜென்ட் சார்! நீங்களும் அங்கதான் இருக்கீங்களா? வாழ்த்துக்கள் சார், இந்த மாசமும் புதுப்பிக்கிறதுல நீங்கதான் முதல். கமிஷன் வந்துடுச்சா?"

விலையை ஏற்றுகிறவன் கம்பெனியில், இறக்குகிறவன் மாடியில். இரண்டு பேருக்கும் ஒரே முதலாளி! நியாயமான கோபம் அன்றைக்குத்தான் எங்கள் ஜனங்களுக்கு முதல் தடவையாக வந்தது. அடிகள் பின்பக்கப் படியில் இறங்கி ஓடினார். ஆத்திரத்தில் திரையைக் கிழித்தார்கள். உண்டியலை உடைத்து அவரவர் போட்டதை எடுத்துக்கொண்டார்கள். சிலர் போட்டதற்கு மேலேயும் எடுத்தார்கள்.

அக்கா போனை வைக்கவில்லை. "எனக்குப் புது ஒப்பந்தம் வேணாம் தம்பி. இந்த மாசத்தோட முடியுது, முடிச்சுடுங்க" என்று சொல்லி, முடித்தாகிவிட்டது என்று செய்தி வந்த பிறகுதான் வைத்தாள். அவள் வகுப்பு இப்போது வேறு லைனில் நடக்கிறது. நடுவில் விலை ஏறாது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் சேர்ந்தாள்.

படியிறங்கும்போது அந்தப் பெரியவர் பின்னாலேயே வந்தார். தன் போனை இரண்டு கையாலும் பணிவாக நீட்டினார்.

"தாயே, நீங்க எந்தெந்த நாள்ல அருள்வாக்கு சொல்வீங்க?"

அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை; அழுகைதான் வந்தது. "ஐயா, நம்பரை நீங்களே அழுத்துங்க. கேள்வியையும் நீங்களே கேளுங்க" என்று போனை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

அபராதம் கிடையாது, கட்டணம் கிடையாது, நடுவில் விலையும் ஏறாது. தலைக்குள் அப்படி ஒரு இணைப்பு பிறந்ததிலிருந்து எல்லாருக்கும் இருக்கிறது. மாடியேறி எவனிடமாவது நீட்டுவதற்கு முன்னால், ஒரு தடவையாவது அதைப் போட்டுத்தான் பாருங்களேன்!