பொது மேலாளர் பதவிக்கு இரண்டு குதிரைகள்

குதிரை நகரவில்லை.

முதுகில் உட்கார்ந்திருப்பவர் ஒரு கொள்முதல் மேலாளர் என்பதோ, சீக்கிரமே பொது மேலாளர் ஆகப்போகிறவர் என்பதோ அதற்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. காட்டோரத்துப் புல்வெளியில், கூடாரங்களுக்கு முன்னால், அது பாட்டுக்கு வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

"போ," என்றார் அவர். பலன் இல்லை. குரலில் கொஞ்சம் அதிகாரத்தைச் சேர்த்து, "நடக்கலாம்," என்றார்.

குதிரை தலையைக் குனிந்து புல் மேய ஆரம்பித்தது. கடிவாளத்தை விடாமல் பிடித்திருந்ததால் அவரும் கூடவே குனிய வேண்டியதாயிற்று.

அலுவலகத்தில் அவருக்கு 'சர்க்குலர்' என்று பெயர். குளியலறைக் குழாய் செய்யும் அந்தக் கம்பெனியில் எது நடந்தாலும், எதுவுமே நடக்காவிட்டாலும், அவரிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்துவிடும். தேநீர்க் கோப்பையை எப்படிக் கழுவுவது, நாற்காலியை மேசைக்குள் எவ்வளவு தள்ளுவது, தும்மல் வந்தால் எந்தப் பக்கம் திரும்புவது, எல்லாவற்றுக்கும் எழுதிப் போட்டிருக்கிறார். கொட்டாவி பற்றி எழுதியதைப் படித்தபோதுதான் அலுவலகமே கொட்டாவி விட்டது.

இன்னொரு நல்ல பழக்கமும் அவரிடம் உண்டு. யார் பேசினாலும் பாதியிலேயே, "புரிஞ்சுது," என்று சொல்லிவிடுவார். அவரிடம் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்த மனிதர் அந்தக் கட்டடத்தில் கிடையாது.

பொது மேலாளர் ஓய்வுபெற்று நாற்காலி காலியாக இருந்த நேரம். முதலாளி ஒருநாள் அவரை அறைக்குக் கூப்பிட்டார்.

"காட்டுப்பக்கம் ஒரு குதிரை முகாம் இருக்கு. வெள்ளிக்கிழமை போய் ஞாயித்துக்கிழமை வரைக்கும் தங்கணும். எதுக்குன்னா..."

"புரிஞ்சுது சார்."

"இல்ல, நான் சொல்ல வந்தது என்னன்னா..."

"உங்க மனசுல இருக்கறது எனக்குத் தெரியாதா சார்? சொல்லவே வேண்டாம்."

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த வேலைக்கு உங்கள விட்டா ஆளே கிடையாது," என்றார். அந்தக் குரலில் உண்மை இருந்தது.

சர்க்குலர் அன்று வீட்டுக்குப் பறந்து போனார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மனைவியிடம் சொன்னார். "தலைமைப் பண்பு இருக்கான்னு பார்க்கறாங்க. இப்பல்லாம் பெரிய பெரிய கம்பெனில குதிரைய வெச்சுத்தான் பார்க்கறாங்களாம். நாலு காலை அடக்கத் தெரிஞ்சவனுக்கு ரெண்டு காலை அடக்கறது என்ன பெரிய விஷயம்?"

"லிஃப்ட்ல ஏறினாலே கண்ணை மூடிக்கிறவரு நீங்க," என்றாள் மனைவி. "முதலாளி வாயத் தொறந்து சொன்னாரா, இதுக்குத்தான்னு?"

"எல்லாத்தையும் வாயத் தொறந்து சொல்லுவாங்களா? உன் தம்பிக்கு ஃபோன் போடு."

"எதுக்கு?"

"அக்கா வீட்டுக்காரர் பொது மேலாளர் ஆயிட்டார்னு சொல்றதுக்கு."

மைத்துனன் சின்ன வயதிலேயே ஒரு வங்கியில் மேலாளராகிவிட்டவன். குடும்ப விசேஷங்களில் அவனுக்கு நாற்காலி போட்ட பிறகுதான் இவருக்கு நாற்காலி தேடுவார்கள். அந்த வயிற்றெரிச்சல் இவருக்கு நெடுநாளாக உண்டு. போனில் அவன், "சபாஷ் அத்தான்," என்றபோது கண் கலங்கியே விட்டது. இனிமேல் பதவி கிடைக்காமல் திரும்பினால் மாமனார் வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

முகாமுக்கு வந்து இறங்கியதும்தான் முதல் இடி விழுந்தது. அங்கே ஏற்கெனவே 'பூட்டு' உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

பூட்டு என்பவர் கிடங்கு மேலாளர். ஒரு குண்டூசி வேண்டுமென்றாலும் மூன்று கையெழுத்து கேட்பார். ஸ்டேப்ளரைச் சங்கிலியால் மேசையோடு கட்டிவைத்திருப்பவர். தன் சாப்பாட்டு டப்பாவுக்கும் பூட்டு போடுகிறவர்.

"நீங்களுமா சார்?" என்றார் பூட்டு.

"ஏன், உங்கள மட்டும்தான் கூப்பிட்டாங்கன்னு நெனச்சீங்களா?"

"அப்படித்தான் நெனச்சேன். இந்த வேலைக்கு என்னைவிட்டா ஆள் இல்லன்னு முதலாளி சொன்னாரு."

முகாமை நடத்தும் பயிற்சியாளர் அம்மா வந்தார். அதிகம் பேசாதவர். அவருடைய கணவர்தான் அங்கே சமையல். பேச்சையெல்லாம் அவர் எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

"வாங்க," என்றார் பயிற்சியாளர் அம்மா. "இங்க நாங்க பார்க்கப்போறது என்னன்னா..."

"தெரியும் மேடம்!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். இத்தனை வருடங்களில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"அப்ப சரி. நீங்க ஆபீஸ்ல எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க. எதையும் மாத்திக்க வேணாம்."

"அதுதான் மேடம் என் பலமே," என்றார் சர்க்குலர்.

இவருக்குச் சாம்பல் நிறக் குதிரை. பூட்டுக்குப் பழுப்பு நிறக் குதிரை. பழுப்பு நடந்தது. சாம்பல்தான் மேலே சொன்னபடி மேய்ந்துகொண்டிருந்தது.

பயிற்சியாளர் அம்மா கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சர்க்குலருக்கு வியர்த்தது. சட்டைப் பையில் வழிக்கு வாங்கிய கிரீம் பிஸ்கட் பொட்டலம் இருந்தது. ஒன்றை எடுத்து, யாரும் பார்க்காதபடி முன்னால் சாய்ந்து குதிரையின் வாயருகே நீட்டினார்.

குதிரைக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. ஆனால் அது முன்னால் போகவில்லை. கழுத்தைப் பின்னால் திருப்பிச் சட்டைப் பையைத் தேடிக்கொண்டே, இருந்த இடத்திலேயே வட்டமடித்தது. பூட்டு பழுப்பின் மேல் புல்வெளியை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் இவர் நூறு சுற்றுச் சுற்றியிருப்பார், எல்லாம் ஒரே இடத்தில். இறக்கிவிட்ட பிறகும் உலகம் அவருக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

பிஸ்கட்தான் எதிரி என்று முடிவு செய்து, பொட்டலத்தைக் கூடாரத்துக்குள் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்தார். இதைவிட நல்ல யோசனை அவருக்கு அன்று வரவில்லை.

சாயங்காலம் கொஞ்சம் கண்ணயரலாம் என்று அவர் படுத்திருந்தபோது, கூடாரத்தின் வாசல் திரை விலகியது. ஒரு பெரிய சாம்பல் நிறத் தலை உள்ளே வந்தது. தலையணையை முகர்ந்தது. தலையணையின் மேல் அவருடைய தலையும் இருந்ததால் அதையும் முகர்ந்தது.

"வெளியே போ! இது தங்கும் இடம்! அனுமதி இல்லாம உள்ள வரக்கூடாது!"

எழுந்த வேகத்தில் நடுக்கம்பைத் தட்டிவிட்டார். கூடாரம் அவர் மேலும் குதிரைத் தலை மேலும் சேர்ந்து விழுந்தது. துணிக்கு அடியில் அவர் போட்ட கூச்சலில் காட்டுப் பறவைகள் கிளம்பிப் போயின. குதிரை நிதானமாகப் பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தது.

பயிற்சியாளர் அம்மா ஓடிவந்தார். கூடாரத்தைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "இவ்வளவு களேபரத்துலயும் பதறவே இல்ல பாருங்க. அருமை," என்று கணவரிடம் சொன்னது துணிக்கு அடியில் இருந்தவரின் காதில் விழுந்தது.

சர்க்குலர் கூச்சலைச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். பதறாமல் இருந்ததாகப் பெயர் வாங்கிவிட்டோம், அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் பூட்டு விழுந்து விழுந்து சிரித்தது அவரைத் தூங்கவிடவில்லை. சாம்பல் குதிரை சரிப்படாது. பழுப்புதான் வேண்டும். விடிந்தும் விடியாத நேரத்தில் குதிரைகள் கட்டியிருந்த இடத்துக்குப் பூனை நடை நடந்து போனார். இரண்டு மரங்களுக்கு நடுவே ஆள் உயரத்தில் ஒரு நீளக் கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. இரண்டு குதிரைகளின் கயிறும் அதில்தான் மாட்டியிருந்தது. பழுப்பை அவிழ்த்து முதல் இடத்தில் கட்டிவிட்டால், காலையில் முதலில் வருகிறவனுக்கு முதல் குதிரை.

பழுப்பின் கயிற்றில் கைவைத்தவர் பல்லைக் கடித்தார். அதில் எண் பூட்டு ஒன்று தொங்கியது.

"குதிரைக்குமாடா பூட்டு போடுவான் மனுஷன்!"

சர்க்குலர் பின்வாங்குகிறவர் அல்ல. பூட்டைத் திறக்க முடியாவிட்டால் என்ன, மரத்தில் கட்டியிருக்கும் நீளக் கயிற்றையே அவிழ்த்து, பழுப்பை அதிலிருந்து உருவிவிடலாமே? அவிழ்த்தார்.

கயிறு தொய்ந்தது. இரண்டு குதிரைகளும் அதைப் பார்த்தன. பிறகு, யாரோ உத்தரவு கொடுத்ததுபோல, இரண்டும் சேர்ந்து நடக்க ஆரம்பித்தன. இழுபட்ட கயிறு இன்னொரு மரத்திலிருந்தும் உருவிக்கொண்டு வந்தது. சமையல் கொட்டகை வழியாகப் போனபோது சூப் பானை அதில் மாட்டியது. துணிக்கொடி வழியாகப் போனபோது பூட்டின் கால்சட்டை மாட்டியது. பானை கடகடவென்று உருண்டுவர, கால்சட்டை கொடியாகப் பறக்க, ஊர்வலம் ஓடைக்கரையில் போய் நின்று தண்ணீர் குடித்தது.

உள்ளாடையோடு ஓடிவந்தார் பூட்டு. "கயித்த அவுத்தது யாரு?"

"குதிரைக்குப் பூட்டு போட்டது யாரு?"

"பூட்டு போட்டதாலதான் சார் அந்த ஒண்ணாவது பத்திரமா இருக்கு!"

"பத்திரமாவா? பானையோட சேர்த்துப் பூட்டிவெச்சிருக்கீங்க! தொறங்க முதல்ல."

பூட்டு எண்களைத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார். "பாதுகாப்புக்காகத் தெனமும் ராத்திரி நம்பர மாத்துவேன்," என்றார் மெல்ல. "நேத்து என்ன வெச்சேன்னு ஞாபகம் வரல."

அதற்குள் கயிற்றின் மறுமுனை சாம்பல் குதிரையின் கழுத்து வாரில் நன்றாக இறுகியிருந்தது. சர்க்குலர் அதை அவிழ்க்கிறேன் என்று இழுத்த இழுப்பில் முடிச்சு கல்லாகிவிட்டது. கத்தியால் அறுத்துவிடலாமா என்று சமையல்காரர் கேட்டார்.

"வேணாம்," என்றார் பயிற்சியாளர் அம்மா. அவர் கண்ணில் ஓர் ஆர்வம் தெரிந்தது. "சேணத்தப் போட்டு இப்படியே ஏறுங்க ரெண்டு பேரும். காட்டுக்குள்ள ஒரு நடை போயிட்டு வரலாம்."

ஆக, அன்று முழுக்க, ஒருவரையொருவர் ஒழித்துக்கட்ட வந்தவர்கள் ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு குதிரைகளின் மேல் தோளோடு தோள் உரசிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். இவர் வலது பக்கம் இழுத்தால் அவர் இடது பக்கம் இழுத்தார். இவர் "போ" என்றால் அவர் "நில்லு" என்றார். இவர் குதிரைகள் நடக்க வேண்டிய முறை பற்றி வாய்மொழியாகவே ஒரு சுற்றறிக்கை வாசித்தார். அவர் அதில் பிழை கண்டுபிடித்தார். வாயில்லா ஜீவன்கள் இரண்டும் காதை மட்டும் அசைத்துக்கொண்டு நடந்தன. பின்னால் இன்னொரு குதிரையில் வந்த பயிற்சியாளர் அம்மா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே வந்தார்.

திரும்பும்போது ஓடையைக் கடக்க வேண்டியிருந்தது.

"முதல்ல இறங்கறவன்தான் தலைவன்," என்று நினைத்தார் சர்க்குலர். துரதிர்ஷ்டம், பக்கத்துக் குதிரையிலும் அதே நினைப்பு ஓடியது. இருவரும் ஒரே நேரத்தில் குதிரையை உதைத்தார்கள். ஒருவர் கயிற்றை மற்றவர் இழுத்தார். மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கக் கூடாது என்பார்கள். இங்கே குதிரை திடமாகத்தான் நின்றது, ஏறியவர்கள்தான் கரைந்து போனார்கள். இரண்டு பேரும் தொப்பென்று தண்ணீரில் விழுந்தார்கள்.

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தக் குதிரைகளுக்கு அந்தச் சிரமமே இல்லை. குழியை இவர்கள் ஒருவருக்கொருவர் ஏற்கெனவே பறித்து வைத்திருந்தார்கள். காலடியில் இரண்டு மேலாளர்கள் சேற்றில் புரண்டு திட்டிக்கொண்டிருக்க, குதிரைகள் ஒரு குளம்பைக்கூட எடுத்து வைக்காமல் சிலையாக நின்றன.

கரையிலிருந்து கைதட்டல் கேட்டது.

"பாஸ்!" என்றார் பயிற்சியாளர் அம்மா. "இனிமே பார்க்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. உங்க முதலாளிக்கு இன்னைக்கே சொல்லிடறேன்."

சர்க்குலர் சேற்றோடு எழுந்து நின்றார். நெஞ்சு விம்மியது. விழுந்தாலும் தலைவன் தலைவன்தான். சேணத்தில் தொங்கிய பையிலிருந்து போனை எடுத்து மனைவியை அழைத்தார். "முடிஞ்சுது! உன் தம்பிகிட்ட மறுபடியும் சொல்லு!"

"குரல் ஏன் நடுங்குது?"

"சந்தோஷம்."

"முதல்ல தலையத் துவட்டுங்க," என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பும் நேரம். பயிற்சியாளர் அம்மா தூரத்தில் முதலாளியோடு போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். சர்க்குலருக்குப் பொறுக்கவில்லை. சமையல் கொட்டகைக்குப் போனார். அங்கே பூட்டும் அதே வேலையாகத்தான் வந்து நின்றார். சமையல்காரர் நசுங்கிய பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க," என்றார் சர்க்குலர், "மேடம் நேத்து பாஸுன்னு சொன்னாங்களே, பாஸானது யாரு? மறைக்காம சொல்லுங்க. நானா, இவரா?"

பதில் சொல்ல வாயெடுத்த சமையல்காரரை, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, அவர் குறுக்கே பேசாமல் முழுசாகப் பேசவிட்டார்.

"அட, பாஸானது குதிரைங்க சார்! குழந்தைங்க ஏறுறதுக்காக அந்த ரெண்டையும் உங்க முதலாளி எங்களுக்கு வாங்கித் தர்றாரு இல்ல, அதான் உங்க ஆபீஸ்லயே யாராலயும் தாங்க முடியாத ரெண்டு பேர அனுப்பிவைங்க, அவங்களத் தாங்கிட்டா எந்தக் குழந்தையையும் தாங்கிடும்னு கேட்டோம், மனுஷன் ஒரு நொடிகூட யோசிக்காம உங்க ரெண்டு பேர் பேரையும் சொல்லிட்டாரு!"