சம்பந்திக்கு எந்தக் கொடி

"அப்பா, அந்த பேனரை மொதல்ல எறக்குங்க."

"ஏம்மா? பன்னெண்டு அடி. இந்த ரோட்டுல எவனும் இவ்ளோ பெருசா வெச்சதில்ல."

"பெருசு சரிப்பா. இயன் இங்கிலாந்து இல்ல, ஸ்காட்லாந்து. உங்கள யாராவது ஆந்திராக்காரர்னு சொன்னா எப்படி இருக்கும்?"

பக்தவச்சலம் போனைக் கையில் பிடித்தபடி, 'இங்கிலாந்து மாப்பிள்ளையே வருக' என்ற எழுத்துகளை வருத்தத்தோடு பார்த்தார். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஊருக்கு அவர் ஊராட்சித் தலைவர். ஒரே மகள் கீதாஞ்சலி எடின்பரோவுக்கு வேலைக்குப் போய், அங்கேயே ஒருவனைப் பிடித்துவிட்டாள். அவனும் அவன் அம்மா மார்கரெட்டும் அவளோடு சென்னையில் வந்து இறங்கியாயிற்று. நான்கு மணிக்கு வீட்டுக்கு வருகிறார்கள். அந்த அம்மாவுக்கு இந்தக் கல்யாணத்தில் இன்னும் மனம் முழுதாக ஒப்பவில்லை. இன்று அவர் முகம் கோணாமல் இருந்தால்தான் தேதி குறிக்க முடியும்.

பேனர் கடைக்காரர் விவரமானவர். பாஸ்போர்ட்டில் என்ன நாடோ அதைப் போட்டால் யாரும் குறை சொல்ல முடியாது என்றார். பதினொரு மணிக்கு பிரிட்டன் கொடியோடு இரண்டாவது பேனர் ஏறியது. அதன் படம் போனில் போய்ச் சேர்ந்த மறுநிமிடம் மகள் கூப்பிட்டாள். பாஸ்போர்ட் அதுதானாம், ஸ்காட்லாந்து தனி நாடாகி அந்த பாஸ்போர்ட் மாற வேண்டும் என்றுதான் இயன் கட்சி சேர்ந்து கொடி பிடிக்கிறானாம்.

"தனியா போயி என்னா பண்ணப் போறாங்களாம் தலைவரே?" ஏணி உச்சியிலிருந்து முருகையன் கேட்டான். உப்பளத்தில் உப்பு வாருகிறவன். தலைவர் வீட்டு விசேஷம் என்றால் பேனர் கட்டுவதும் அவன்தான்.

தெரியாது என்று சொல்வது தலைவருக்கு அழகில்லை. மகளிடமே கேட்டுச் சொன்னார். இவர்களுடைய காரியத்தை யாரோ அறுநூறு கிலோமீட்டர் தள்ளி லண்டனில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்களாம்.

"நியாயந்தானப்பா. அவன் வீட்டு விஷயத்த அவன் பாத்துக்கறேன்றான்" என்றார் தலைவர்.

"ரொம்பத் தூரந்தான்" என்றான் முருகையன். "எங்களுக்கு ரேஷன் கடை நாலு கிலோமீட்டரு. அதுக்கே கால் ஓஞ்சி போவுது."

மூன்றாவது பேனர் நீலத்தில் வெள்ளைப் பெருக்கல் குறி போட்ட ஸ்காட்லாந்து கொடி. அதைப் பார்த்துவிட்டு கீதாஞ்சலி மறுபடி கூப்பிட்டாள். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நடந்த ஓட்டெடுப்பில் மார்கரெட் பிரியக்கூடாது என்று போட்டவர் என்றாள். மகன் பிரியலாம் என்று போட்டான். மூன்று மாதம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

"ரெண்டு கொடியையும் பக்கத்துல பக்கத்துல போட்டா?"

"எது பெருசுன்னு அளந்து பாப்பாங்கப்பா."

கடைசியில் எல்லாக் கொடியையும் எடுத்த பிறகு நான்காவது பேனரில் மிஞ்சியது கைகூப்பிய பக்தவச்சலம் மட்டும்தான். இறக்கிய பேனர்களை எடுத்துக்கொள்ளட்டுமா என்று முருகையன் கேட்டபோது அவர் போனில் இருந்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

மேகம் இருட்டிக்கொண்டு வந்தது. நான்கு மணிக்கு உப்பளத்துச் சாலையில் கார் திரும்பியபோது, ஓரத்து உப்புக் குவியல்கள் நனையாமல் மூடப்பட்டிருந்தன. முதல் குவியலின் மேல் இங்கிலாந்து. அடுத்ததில் பிரிட்டன். மூன்றாவதில் ஸ்காட்லாந்து.

அம்மாவும் மகனும் வீட்டுக்குள் வரும்போதே பழைய சண்டையை ஆரம்பித்திருந்தார்கள். சத்தமில்லாத, பல்லைக் கடித்த ஆங்கிலம். காபி ஆறியது. கீதாஞ்சலியின் கண் கலங்கியதைப் பார்த்ததும், பக்தவச்சலம் கிராமசபையில் எழுவதுபோல எழுந்தார்.

"இதுல சண்டை எதுக்குங்க? சேந்தே இருக்கலாம்னு அம்மா ஆசைப்படறது தப்பில்ல. தனியா போறேன்னு தம்பி கேக்கறதும் தப்பில்ல. தனிக்குடித்தனம் போனா சொந்தம் விட்டுப் போயிடுமா? பக்கத்துலதான இருக்கப் போறாங்க. கேக்கறவன மரியாதையா வழியனுப்பணும். அதான் பெரிய மனுஷத்தனம்."

மகள் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். மார்கரெட் அவர் பக்கம் திரும்பினார். இத்தனை வருடத்தில் கத்தாமல் இதைச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் என்றார். மகனின் கையைத் தட்டிக் கொடுத்தார். ஆறிய காபியையே குடித்தார். தை மாதம் என்று முடிவானது.

வெளியே தூறல் விழுந்தது. வாசற்படியில் ஏணியோடு ஒதுங்கி நின்ற முருகையன், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். சட்டைக்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு காகிதக் கட்டை எடுத்து, காபித் தம்ளர்களுக்கு நடுவில் விரித்தான். அது என்னவென்று மார்கரெட் கேட்க, கீதாஞ்சலி எட்டிப் பார்த்தாள்.

"எங்க உப்பளக் குடியிருப்பத் தனி ஊராட்சியா பிரிச்சி விடச் சொல்லி ஆறு வருசமா எழுதிக்கினு இருக்கோம் தலைவரே. எழுநூறு பேரு போட்டுட்டாங்க, உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. சம்பந்தியம்மா இருக்கறப்பவே போட்டுடுங்களேன்."