கட்டம் மாஸ்டர் நிறுத்திய சட்டை

திருப்பூரில் பனியனை அயர்ன் செய்பவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். பனியனைப் படித்தவர் ஒரே ஒருவர்தான். எங்கள் கம்பெனியில் அவருக்குக் கட்டம் மாஸ்டர் என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். ஆறு வருஷத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

நெல்லைப் பக்கத்துக்காரர். அயர்ன் டேபிளுக்குக் கீழே ஒரு தடித்த படக்கதைப் புத்தகம் வைத்திருப்பார். பழைய பேப்பர் கடையில் எடை போட்டு வாங்கியது. எந்த நாட்டு மொழி என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். இரண்டு முறை எண்ணிவிட்டேன். எழுத்து புரியாததால் படத்தை மட்டுமே படித்தார். நான் பார்த்த அன்று முப்பத்தேழாம் பக்கத்தில் ஒரே கட்டத்தில் பதினோரு நாளாக இருந்தார். பெயர் வந்தது அப்படித்தான்.

டீ நேரத்தில் பக்கத்து பேக்கரி பெஞ்சில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, இந்தக் கட்டத்துல எத்தனை பேரு?"

ஒரு மேஜை. இடது ஓரத்தில் ஒரு கிழவர். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எண்ணினேன். "ஒருத்தருங்க."

"எண்ணுதிய, ஆனா பாக்க மாட்டக்கிய. டம்ளரை எண்ணுங்க."

டம்ளர் இரண்டு இருந்தது.

"வரவேண்டிய ஆளு இன்னும் வரல. பெரியவரை ஓரத்துல ஒதுக்கிட்டு, அவரு பாக்குத பக்கம் முழுக்கக் காலியா விட்டிருக்கான் பாத்தியளா? அந்தக் காலி இடம்தான் கதை. மேல இருந்து வேற பாக்குதோம், அதான் மனுசன் இவ்வளவு சின்னதாத் தெரியுதாரு."

நாற்பது வருஷமாக எண்ணியே சம்பளம் வாங்குகிறவன் நான். ஓர் ஆளைக் குறைத்து எண்ணிவிட்டோமே என்று அன்று முழுக்க மனசே சரியில்லை.

சிக்கல் என்னவென்றால், அவர் புத்தகத்தோடு நிற்கவில்லை. டேபிளுக்கு வரும் சட்டையில் படம் இருந்தால் அதையும் படிப்பார். முன்பக்கம் தேய்த்து, புரட்டி, பின்பக்கம் தேய்ப்பதற்குள் இரண்டு பக்கத்துக் கதை அவருக்கு. மற்ற மாஸ்டர்கள் மணிக்கு அறுபது உருப்படி தேய்த்தால் இவர் நாற்பத்தொன்று. பூப்போட்ட சட்டை என்றால் ஐம்பத்தைந்து. பூவில் கதை கம்மி. கேட்டால், "இந்தக் கரடி எதுக்கு சிரிக்குன்னு பாக்க வேண்டாமா அண்ணாச்சி?" என்பார்.

நான் புரொடக்ஷன் பார்த்துக்கொண்டிருந்தேன். வயது அறுபத்து நான்கு. கேஸை மூடினோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து மூன்று முறை வீட்டுக்குத் திரும்புகிற ஆள். அந்த மாதம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, என் மகன் வயதுக்காரர், மிக மரியாதையாகச் சொன்னார்: "ஏனுங்க சார், உங்களுக்கும் வயசாச்சுங்க. இந்தக் குழந்தைங்க ஆர்டர் ஒண்ணு தப்பில்லாமப் போகட்டுமுங்க. ஏதாவது ஆச்சுன்னா, நீங்க ஊட்டுல ரெஸ்ட் எடுத்துக்கலாமுங்க."

வீட்டில் ரெஸ்ட் எடுத்தால் எண்ணுவதற்கு மின்விசிறியின் இறக்கை மூன்றைத் தவிர ஒன்றுமில்லை.

அந்த ஆர்டர் ஆறாயிரம் சட்டை. முன்பக்கத்தில் ஒரு சிறுமி ஓடுகிறாள். பின்பக்கத்தில் ஒரு பூனைக்குட்டி ஓடுகிறது. எழுத்தே கிடையாது. எங்கள் ஊர் வழக்கப்படி, துணியை வெட்டியதும் தைப்பதற்கு முன்பே பிரிண்டிங். முன்பக்கங்கள் ஒரு கட்டு, பின்பக்கங்கள் ஒரு கட்டு. தைக்கும்வரை அந்தச் சிறுமியும் பூனையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதே இல்லை.

முதல் முன்பக்கம் அச்சாகி வந்தது. நான் விடுவேனா? நிறம் ஆறு, சரி. கவுனில் பொத்தான் நான்கு, சரி. சடை இரண்டு, விரல் பத்து, எல்லாம் சரி. கையெழுத்துப் போட்டேன். பிறகு மொத்தக் கட்டையும் எண்ணினேன். அதுவும் சரி.

மறுநாள் காலை தைத்த சட்டைகள் அயர்னுக்கு வந்தன. கட்டம் மாஸ்டர் ஐந்தாவது சட்டையில் நின்றுவிட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிஷம். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார், சட்டையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

"மாஸ்டர், என்னங்க விளையாட்டு? இன்னைக்கு லைன் நின்னா என் வேலை போயிருமுங்க!"

"நிக்கட்டும் அண்ணாச்சி. இந்தப் பிள்ளையும் பூனையும் விலாத் தையல்ல வந்து முட்டிக்கிடப் போவுது!"

"என்னங்க சொல்றீங்க?"

"பூனை நம்ம வலது கைப்பக்கமா ஓடுது. பிள்ளை இடது பக்கமா ஓடுது. சட்டையைச் சுத்தி வந்தா ரெண்டும் நேருக்கு நேருல்லா!"

"பூனை கெடச்சா நல்லதுதானுங்களே?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கெடச்சிட்டா கதை முடிஞ்சுல்லா போச்சு! பிள்ளை தொரத்தணும், பூனை ஓடணும். சட்டையைப் போட்டிருக்க குழந்தையைச் சுத்திச் சுத்தி ஓடிக்கிட்டே இருக்கணும். வரைஞ்சவன் அப்படித்தான் நினைச்சிருப்பான்."

ஆபீசில் தொங்கிய மாதிரிச் சட்டையைப் பார்க்க ஓடினேன். பதினெட்டுப் படி. அதில் சிறுமி வலது பக்கமாக ஓடிக்கொண்டிருந்தாள். பிரிண்டிங்கில் முன்பக்கப் படத்தின் அச்சுப் பிலிமைப் புரட்டி வைத்துவிட்டார்கள். கண்ணாடியில் தெரிவதுபோல் எல்லாம் இடம் மாறிவிட்டது. ஓர் எழுத்து இருந்திருந்தால்கூட யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். பொத்தான் நான்கை எந்தப் பக்கமாகத் திருப்பினாலும் நான்குதானே!

அச்சானது முந்நூற்று இருபது. தைத்தது நாற்பத்தாறு. மீதிக்கு இன்னும் மை படவில்லை. மாற்றுவதற்குத் துணி கையிருப்பில் இருந்தது. மாதிரிச் சட்டையோடு அயர்ன் டேபிளுக்குத் திரும்பி வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டேன். விட்டு முடிப்பதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

"இதுக்கு ஓகே போட்டது யாருங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டம் மாஸ்டர் ஒரு கையில் மாதிரிச் சட்டையும் மறு கையில் இஸ்திரிப் பெட்டியுமாக முன்னால் வந்தார்.

"அது கெடக்கட்டும் மொதலாளி. மொதல்ல உங்க கண்ணு படத்துக்குள்ள எங்க நுழையுதுன்னு சொல்லுங்க."

"கண்ணுங்களா?"

"இடதுலதான? நுழைஞ்சு பிள்ளை கையைப் பிடிச்சுக்கிட்டுப் போவுது. அதுக்குத்தான் கையை நீட்டி வரைஞ்சிருக்கான். கவுன் பின்னால பறக்கு பாருங்க, அதான் வேகம். காலுக்கும் நிழலுக்கும் நடுவுல இடம் இருக்கா? ரெண்டு காலும் தரையில இல்ல..."

பதினேழு நிமிஷம். முதலாளியின் போன் மூன்று முறை அடித்தது. இஸ்திரிப் பெட்டி அவர் மூக்குக்கு அருகே ஆவி விட்டபடி போய் வந்துகொண்டிருந்தது. கடைசியில், "சரிங்க, சரிங்க, மாத்திருங்க!" என்று கும்பிட்டுவிட்டு ஓடிப்போனார், சிறுமியைவிட வேகம்.

"மாஸ்டர், வேணும்னுதான பண்ணுனீங்க?" என்று கேட்டேன்.

"எதை அண்ணாச்சி?" என்றவர், அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டார். இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

என் சுபாவத்துக்கு அதை மூடி வைக்க முடியுமா? மறுநாள் காலையிலேயே போய் முதலாளியிடம், கையெழுத்து என்னுடையது என்றேன்.

"தெரியுமுங்க சார். மறுபடியும் கேட்டா அவுரு மறுபடியும் ஆரம்பிச்சிருவாருன்னுதான் கேக்கலீங்க." சிரித்தார். "நீங்களே இருங்க. ஆனா இனிமே எண்ணறது நீங்க, பாக்கறது அவுரு. ரெண்டு பேரும் சேந்து ஓகே பண்ணுங்க."

அன்று வீட்டுக்கு நடந்தே போனேன். கேஸைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் இரண்டு கையெழுத்தோடு பனியன் போனது. இப்போது அவர் வெள்ளகோவிலில் மகள் வீட்டில் இருக்கிறார். நானும் வேலையை விட்டுவிட்டேன், நானாகத்தான். மாதத்தின் முதல் ஞாயிறு அவர் பஸ் ஏறி வருவார். பஸ் சொன்ன நேரத்துக்கு வந்ததே இல்லை. நான் அரை மணி முன்னதாகவே போய் பேக்கரி பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

"ஒரு டீங்களா சார்?" என்பான் கடைக்காரன்.

"ரெண்டு வெச்சிருப்பா."