பம்ப் ஹவுஸ் அட்மிரல்

இந்திய நாட்டில் எத்தனையோ அட்மிரல்கள் இருக்கலாம். ஆனால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயில் பிரஷ்ஷோடு போர்க்கப்பல் சரித்திரம் பேசுகிற அட்மிரல் ஒருவர்தான். அவர் எங்கள் நெய்வேலியில், எங்கள் பிளாக்கில், எங்களுக்கு அடுத்த குவார்ட்டர்ஸில் இருந்தார்.

வேலை சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டர். பூமிக்கு அடியிலிருந்து ஊற்றுத் தண்ணீர் மேலே முட்டிக்கொண்டே இருக்கும். ராப்பகலாக இறைத்துக் கொட்டினால்தான் கரி வெட்ட முடியும். அட்மிரலுக்கு இது போதாதா?

"தம்பி, நாம குந்திக்கினு இருக்கறது ஊரு இல்ல, கப்பலு. அடியில பூரா தண்ணி. பம்ப்பு நின்னுச்சி, முடிஞ்சுது கத!" என்பார். ஸ்டோர்ஸ் கிளார்க்கான என்னை அந்தக் கப்பலின் சரக்கு அதிகாரியாக அவரே நியமித்தும் விட்டார். சம்பளம் மட்டும் ஏறவில்லை.

பழைய போர்க்கப்பல் என்றால் அந்த மனிதருக்குச் சோறு தண்ணி வேண்டாம். எது எந்த வருஷம் கடலில் இறங்கியது, எத்தனை புயல் பார்த்தது, கடைசியில் எந்தக் கரையில் உடைத்தார்கள், எல்லாம் விரல் நுனியில். பீரங்கியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டார்.

ஒருநாள் டீக்கடையில் யாரோ, "எங்க ஃபோர்மேன் பெரிய எம்டன்ப்பா" என்று சொல்லிவிட்டார். வந்ததே கோபம் அட்மிரலுக்கு!

"எம்டன் கப்பலு மெட்ராஸ்ல குண்டு போட்டது மட்டும் தெரியும் உங்களுக்கு. அந்தக் கப்பலுக்கு அடியில நின்னு, வேர்த்து வழிஞ்சிக்கினு கரி அள்ளிப் போட்டானே, அவனத் தெரியுமா?"

"நம்ம நெய்வேலிக் கரியப் போட்டா ஓடியிருக்குமாண்ணே?" என்று நான் வாயைக் கொடுத்தேன்.

"நம்ம கரியில பாதி தண்ணி. புகையப் பாத்தே புடிச்சிருப்பானுங்க. டீயக் குடி."

இன்னொரு முறை, எதிர்வீட்டுப் பெண் கல்யாண வரவேற்பு. மணமக்களை வாழ்த்தச் சொல்லி யாரோ விவரம் தெரியாமல் மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். "கல்யாணம்ன்றது போர்க்கப்பலு மாதிரி" என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளை வீட்டார் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "எந்நேரமும் சுட்டுக்கினே இருக்கக் கூடாது. எத்தினி தடவ சுட்டோம்ன்றது பெருமயில்ல. எத்தினி வருஷம் முழுவாம இருந்தோம், அதான் பெரும!" மாப்பிள்ளையின் அப்பா ஓடிவந்து மைக்கைப் பிடுங்குவதற்குள், மணப்பெண் மட்டும் கைதட்டிவிட்டாள்.

இத்தனை பேசுகிறவர் ஒரு போர்க்கப்பலில்கூடக் கால் வைத்ததில்லை. ஷிஃப்ட் இருக்கும், இல்லையென்றால் கல்யாணம் காட்சி வரும். அப்படியிருக்க, ஒரு வருஷம் செய்தி வந்தது: பழைய போர்க்கப்பல் ஒன்று ஓய்வு பெறப்போகிறது, அதற்கு முன் ஒரே ஒரு நாள் சென்னைத் துறைமுகத்தில் யார் வேண்டுமானாலும் ஏறிப் பார்க்கலாம்!

அட்மிரல் தலைகால் புரியாமல் ஆடினார். வேன் பிடித்தார். பிளாக்கில் பதினோரு பேரை வலுக்கட்டாயமாகச் சேர்த்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட் தைத்து, இஸ்திரி போட்டு, முந்தின நாளே பம்ப் ஹவுஸில் மாட்டிவிட்டார். காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் அங்கிருந்து நேரே வேன்!

மழை என்றால் அப்படி ஒரு மழை, மூன்று நாளாக. சென்னையில் வெயில் காய்கிறதாம். கொட்டுவதெல்லாம் எங்கள் தலையில். ஆறு மணி ஆயிற்று, ஆறரை ஆயிற்று, ஆளைக் காணோம். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பம்ப் ஹவுஸுக்குப் போனேன்.

வெள்ளைச் சட்டை, முழங்கால்வரை சுருட்டிய வெள்ளை பேண்ட், இரண்டு கையிலும் கிரீஸ். அட்மிரல் ஒரு பம்ப்புக்கும் இன்னொரு பம்ப்புக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தார்.

"மாத்து ஆளு வரல தம்பி. முத்தாண்டிக்குப்பத்துல ரோட்டு மேல தண்ணியாம்."

"ஆபீஸர்கிட்ட சொல்லிட்டு வாங்கண்ணே. இன்னிக்கு விட்டா அந்தக் கப்பலப் பாக்கவே முடியாது!"

"தெரியுது." துணியில் கையைத் துடைத்தார். "கீழ குழியில ஆளுங்க நின்னுக்கினு இருக்காங்க தம்பி. தண்ணி ஏறுது. நான் எங்க வர்றது?"

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். கப்பலில் எதையெதைப் பார்க்க வேண்டும் என்று எழுதிய பட்டியல். "நீ பாத்துக்கினு வந்து சொல்லு, போ" என்று திரும்பிக்கொண்டார்.

நான் போனேன். கரையில் கட்டிப்போட்ட கப்பலிலேயே எனக்குத் தலை சுற்றியது தனிக்கதை. எல்லோரும் பீரங்கியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, நான் தாளைப் பார்த்து, ஒரு மாலுமியிடம் "உங்க பம்ப்பு எங்க இருக்கு?" என்று கேட்டேன். அந்த மாலுமி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அதிகாரியைக் கூட்டிவந்தார். நல்லவேளை, அவர் தமிழர். "பம்ப்பைப் பத்தி உங்களுக்கு எதுக்கு சார்?" உளவாளி என்று உள்ளே தள்ளிவிடுவார்களோ என்று பயந்து, அட்மிரல் கதையை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கப்பல் தளத்திலிருந்த ஓர் இரும்பு மூடியருகே கூட்டிப்போய், "காதை வச்சுக் கேளுங்க" என்றார். கேட்டேன். ஓய்வு பெறும் கப்பலுக்கு, அது உழைத்த வருஷங்களுக்கு ஏற்ற நீளத்தில் ஒரு வால்கொடி ஏற்றுவார்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

திரும்பி வந்தபோது அட்மிரல் இரண்டாவது ஷிஃப்ட்டையும் முடித்து, சேறான வெள்ளை பேண்ட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். பீரங்கியைப் பற்றிக் கேட்கவில்லை.

"பம்ப்பு?"

"சத்தம் கேட்டேன்ணே. நம்ம பம்ப்பு மாதிரியேதான்."

"ஓடிக்கினுதான் இருந்துதா?"

"ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு."

அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை. வால்கொடி விஷயத்தைச் சொன்னேன். "தெரியும் தம்பி. அதெல்லாம் கப்பலுக்கு" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

போன வருஷம் அவருக்கு ரிட்டயர்மென்ட். மாலை, பேண்டு வாத்தியம், பூ ஜோடித்த கார் என்று எங்கள் ஊர் வழக்கப்படி எல்லாம் தயார். கடைசி ஷிஃப்ட் முடிந்து பம்ப் ஹவுஸை விட்டு வெளியே வந்தவர், கூரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அங்கே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கொடி, காற்றில் நெளிந்து தரைவரைக்கும் இறங்கிக் கிடந்தது. ஒரு வாரமாக என் மனைவி தைத்தது.

அட்மிரல் சும்மா இருப்பாரா? டேப் எடுத்து அளந்தார்.

"என் சர்வீஸு முப்பத்திநாலு வருஷம். இது முப்பத்தஞ்சு அடி இருக்குதே! ஒரு அடி ஜாஸ்தி."

"அது அந்த மழை நாளுக்குண்ணே. வேணாம்னா வெட்டிடலாம்."

வாத்தியக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய் ஓயாத அந்த மனிதர் கொடியின் நுனியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வெட்டாத தம்பி," என்றார். "இருக்கட்டும்."

அவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டாலும், இப்போதும் மழை வலுத்தால், ஜன்னலைச் சாத்துவதற்கு முன்னால் நான் பம்ப்புச் சத்தம் வருகிறதா என்று ஒரு நிமிஷம் நின்று கேட்கிறேன், அவருக்காக.