எதிர்வீட்டு அலமாரியின் பளபளப்பு

தலைமை எழுத்தருக்கு ஒரு வாரமாக வயிறு எரிந்துகொண்டிருந்தது. காரணம் சாப்பாடு இல்லை. எதிர்வீட்டு ரிட்டையர்டு வாத்தியாரின் மர அலமாரி.

அது வார்னிஷ் அடித்துப் புதுசாகிவிட்டதாம். பிரஷ் தடமே இல்லையாம். சின்னக் கம்ப்ரசர் வைத்துக் காற்றோடு பீய்ச்சி அடித்ததாம். மனைவி தினமும் மத்தியானம் அங்கே போய்விட்டு வருவாள். மாலையில் அவர் அலுவலகம் விட்டு வந்ததும், காபியோடு அந்த அலமாரியையும் சேர்த்தே பரிமாறுவாள்.

"முகம் பார்த்துத் தலை சீவலாம்ங்க. அவ்வளவு வழுவழுப்பு."

இருபது வருஷத்தில் தன்னைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாளா? யோசித்துப் பார்த்தார். இல்லை. போதாததற்கு அவள் கிட்டே வந்தால் வார்னிஷ் வாசனை வேறு. அலமாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டா நிற்கிறாள் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆறு மாதம் முன்பு இவளே ஒரு கம்ப்ரசர் கேட்டாள். பழைய மேசை நாற்காலிகளைப் புதுசாக்கலாம் என்றாள். உனக்கெதுக்கு அதெல்லாம் என்று சிரித்துத் தள்ளிவிட்டார். இப்போது தானே கடைக்குப் போய் ஒன்றைத் தூக்கிவந்தார். சின்னதுதான். ஆனால் வாத்தியாருடையதைவிட ஒரு விரற்கடை உயரம்.

ஞாயிறு காலை, சாப்பாட்டு மேசையை அறை நடுவில் இழுத்துப் போட்டார். வாத்தியார் பார்த்துவிட்டால் யோசனை சொல்ல வந்துவிடுவாரே. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினார். இளக்குவதற்குத் தின்னர் கலக்கச் சொல்லி டப்பாவில் எழுதியிருந்தது. வாத்தியார் தண்ணியாக அடித்திருப்பார், நாம் கெட்டியாக அடிப்போம் என்று வார்னிஷை அப்படியே பீய்ச்சும் துப்பாக்கியில் ஊற்றினார்.

துப்பாக்கி இருமியது. துப்பியது. பத்து விநாடியில் தொட்டியில் காற்று தீர்ந்தது. மறுபடி நிரம்பும்வரை கம்ப்ரசர் தடதடவென்று தெருவுக்கே சேதி சொன்னது. மேசைக்கு அம்மை போட்ட மாதிரி கொப்புளம் கொப்புளமாக வந்தது. மிச்ச வார்னிஷ் வெளியே போக வழியில்லாமல் அவர் மூக்குக்கண்ணாடி, மீசை, வழுக்கை எல்லாவற்றிலும் இறங்கியது. மேசையைத் தவிர மற்றதெல்லாம் பளபளத்தது.

மனைவி கதவைத் திறந்தாள். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, முகமூடி மாட்டிக்கொண்டு, தின்னர் நனைத்த துணியால் கொப்புளங்களைத் துடைத்தெடுத்தாள். வார்னிஷை இளக்கி, பழைய அட்டையில் ஒரு தடவை அடித்துப் பார்த்தாள். தொட்டி நிரம்பக் காத்திருந்து, மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரே சீராகக் கையை ஓட்டினாள். மேசைக்குள் ஜன்னல் தெரிந்தது.

"இது எப்படி உனக்கு..."

"எதிர்வீட்டு அலமாரிக்கு யார் அடிச்சதுன்னு நெனச்சீங்க?"

"வாத்தியார்."

"அவர் அடிச்சார்னு நான் எப்பங்க சொன்னேன்? மெஷின் வாங்கித் தாங்கன்னு கேட்டேன், சிரிச்சீங்க. ஒரு வாரம் எதிர்வீட்டைப் புகழ்ந்தேன். வீடு தேடி வந்துடுச்சு."

ஒரு வாரமாக எரிந்ததெல்லாம் சொந்தப் பெண்டாட்டியின் கைவேலையை நினைத்துத்தான் என்பது அவருக்கு மெல்ல உறைத்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"அப்ப அந்த வாத்தியார் என்னதான் பண்ணினார்?"

"குழாயைப் பிடிச்சுக்கிட்டு நின்னார்" என்றபடி, ரப்பர் குழாயை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "உங்களைவிட நல்லாவே பிடிச்சார்."