குளியலறையைத் தோண்டவைத்த பெருங்குடல்

முப்பது வருஷம் உயிரியல் பாடம் நடத்தியவனுக்குத் தன் வயிற்றுக்குள் நடப்பது தெரியாமல் போகுமா என்று கேட்டால், போகும். எனக்குப் போனது. கரும்பலகையில் பெருங்குடலை என்னைப் போல் அழகாக வரைய மட்டாஞ்சேரியில் ஆள் கிடையாது. அதே குடல் எனக்குள் மக்கர் பண்ணியபோதுதான் அடையாளம் தெரியவில்லை.

மூன்று வருஷங்களுக்கு முன், அறுபத்து நாலாவது வயதில் தொடங்கியது. ஒரு நாளைக்கு நாலு தடவை கழிப்பறைக்குப் போனவன் எட்டு, பத்து என்று முன்னேறினேன். கூடவே ரத்தம். மூலம் என்று நானே தீர்ப்பு எழுதி, மோரும் கருணைக்கிழங்குமாகச் சாப்பிட்டேன். உள்ளுக்குள் புற்றுநோயாக இருக்குமோ என்ற பயம். அதனாலேயே மனைவி விசாலத்திடம் மூச்சு விடவில்லை.

அவள் வேறொன்றைக் கவனித்துவிட்டாள்.

"ஏங்க, காலையில டாங்க் நிறைச்சேன். உச்சைக்குள்ள வெள்ளம் தீர்ந்துபோச்சு. எங்கயோ பைப் லீக்." (எங்கள் வீட்டுத் தமிழில் தண்ணீர் வெள்ளம்தான், நண்பகல் உச்சைதான். மூன்று தலைமுறை கொச்சியில் இருந்தால் அப்படித்தான்.)

உண்மையைச் சொல்ல அருமையான வாய்ப்பு. நான் சொன்னது, "பழைய பைப். துரு பிடிச்சிருக்கும்." அதோடு நிற்காமல் நீரழுத்தம் பற்றிப் பத்து நிமிஷம் விளக்கமும் கொடுத்தேன்.

சனிக்கிழமை பிளம்பர் முருகேசன் வந்தார். தேனிக்காரர், சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்பவர். குளியலறையில் ஆறு டைல்ஸைப் பெயர்த்து, கிளாசெட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத் தோண்ட ஆரம்பித்தார். வீட்டில் இருந்தது அந்த ஒரே கழிப்பறை. பத்தரை மணிக்கு என் வயிறு முறுக்கியது.

பக்கத்து வீட்டு பாஸ்கரன் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் அத்தனை செருப்பு ஏன் என்று யோசிக்க நேரமில்லை. கூடத்தில், அவர் மகளைப் பெண் பார்க்கத் திருப்பூணித்துறையிலிருந்து வந்தவர்கள் எட்டுப் பேர். லுங்கியைப் பிடித்துக்கொண்டு, "நமஸ்காரம்" என்று பொதுவாகச் சொல்லி, அவர்கள் நடுவே புகுந்து கழிப்பறைக் கதவைச் சாத்தினேன். மெல்லிய கதவு. இருபது நிமிஷம் கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

வெளியே வந்ததும் கால் துவண்டு, சுவரோடு சரிந்தேன். மாப்பிள்ளையின் அம்மா தன் சாயாவை என் வாயில் புகட்டினார். யாரோ கூப்பிட்டு விசாலம் ஓடிவந்தாள். அவள் பின்னாலேயே, மண் படிந்த கையோடு முருகேசன்.

"அம்மா, மூணடி தோண்டிட்டேன். பைப்ல ஒரு சொட்டு ஒழுகல. சார் மூஞ்சியப் பாருங்க, எப்படி வெளுத்துக் கெடக்கு. தண்ணியெல்லாம் இவருதான் செலவழிச்சிருக்காரு."

விசாலம் என் லுங்கியில் இருந்த ரத்தக் கறையைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"அஞ்சு மாசம்."

அவள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

எறணாகுளத்தில் பார்த்த டாக்டர் பாலக்காட்டுத் தமிழ்ப் பெண். "மாஷே, மூட்டுவலிக்கு மாத்திரை ஏதாவது?" என்றார், வாத்தியாரை மலையாளத்தில் கூப்பிடுகிற மாதிரி. இல்லை என்றேன். "தினமும்" என்றாள் விசாலம். மாத்திரையா, கிருமியா, குடலுக்கு ரத்தம் போகும் பாதையில் அடைப்பா, கட்டியா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்க வேண்டும் என்றார் டாக்டர். மலம், ரத்தம் எல்லாம் சோதித்தபின், குழாய்க் கேமராவை உள்ளே விட்டார்கள். அரை மயக்கத்தில் திரையைப் பார்த்தேன். சிவந்து, வீங்கி, சின்னச் சின்னப் புண்களோடு என் பெருங்குடல். பயம் மறந்து, "அந்த வளைவைத் திரும்பக் காட்டுங்க" என்று கேட்டேனாம்.

சதைத் துணுக்குச் சோதனை முடிவு வந்தது. புற்று இல்லை, குடல் அழற்சி நோய்.

"அது சின்ன வயசுக்காரங்களுக்கு வர்றதாச்சே?" என்றேன்.

"அறுபதுக்கு மேலயும் புதுசா வரும், மாஷே. வயசானவங்க மூலம்னு தாங்களே முடிவு பண்ணிடறதால கண்டுபிடிக்க லேட்டாகுது."

விசாலம் அப்போதுதான் அழுதாள்.

மருந்தில் அடங்கியிருக்கிறேன். பாஸ்கரன் மகளுக்கு அதே மாப்பிள்ளையோடு கல்யாணமும் ஆயிற்று. எங்கள் வீட்டில் யாராவது எதையாவது மறைப்பதாகத் தெரிந்தால், "நீயா சொல்றியா, முருகேசனைக் கூப்பிடவா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. போன வாரம் விசாலம் தன் தலைசுற்றலை மறைத்தபோது, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அதைக் கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.